கடாரத்திற்கு ஒரு மிதிவண்டிப் பயணம்

மதிப்பீடு, கோப்பு, கூட்டம் என்று நாள்கள் ஓடியதில் எழுதுவதற்கு நேரம் வாய்க்கவில்லை. இன்று எழுத அமர்ந்ததற்குக் காரணம் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன். வகுப்பில் கடைசி வரிசை. எழுத்துப் பிழைக்குப் பெயர் போனவன். ஆனால், கேள்வி கேட்பதில் முதல் வரிசை.

2025ஆம் ஆண்டு, முதலாம் இராசேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பு நடந்து ஆயிரம் ஆண்டு நிறைவு என்று தமிழ்நாட்டிலும் இங்கும் பரவலாகப் பேசப்பட்டது. கி.பி. 1025இல் சோழனின் கப்பற்படை வங்கக்கடலைக் கடந்து வந்து, ஸ்ரீவிஜயப் பேரரசன் சங்கிராம விஜயோத்துங்கவர்மனைச் சிறைபிடித்ததை அவனுடைய மெய்க்கீர்த்தி சொல்கிறது. 'கடாரம் கொண்டான்' என்ற பட்டமும் அதனால் வந்ததே. இதை நான் இருபது ஆண்டுகளாக வகுப்பில் சொல்லி வருகிறேன். குரலை உயர்த்தி, கையை வீசி, கப்பல் வருவது போலவே சொல்வேன். அன்றும் சொல்லி முடித்தேன்.

"டீச்சர், கடாரம் எங்கே இருக்கிறது?"

"கெடா மாநிலம்தான் கடாரம்."

"கெடாவில் எங்கே? நீங்கள் போயிருக்கிறீர்களா?"

பூஜாங் பள்ளத்தாக்கு என்று சொன்னேன். போயிருக்கிறேன் என்றும் சொன்னேன். அது பொய்யன்று. சுங்கை பட்டாணியில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற காலத்தில் பேருந்தில் அழைத்துச் சென்றார்கள். படிக்கட்டில் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டோம், நாசி லெமாக் சாப்பிட்டோம், திரும்பினோம். ஒரு மணி நேரம் இருந்திருப்போமா என்பது ஐயமே. இதில் வேடிக்கை என்னவென்றால், நான் பிறந்து வளர்ந்ததே அந்தப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில்தான். ஜெராய் மலையைப் பார்த்துக்கொண்டே பல் துலக்கியவள் நான். அந்த மாணவனுக்கு நான் கடாரத்தைப் பற்றிச் சொல்லத் தெரிந்ததெல்லாம் பாடநூலில் உள்ளது மட்டுமே என்பது அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் உறுத்தியது.

என் மகனுக்குப் பத்தொன்பது வயது. மலைமிதிவண்டி அவனுடைய பித்து. தாவரவியல் பூங்காவிலிருந்து பினாங்கு மலைக்கு ஏறும் செங்குத்தான ஜீப் பாதை, ஆயர் ஈத்தாம் அணைப் பக்கம், பாலேக் பூலாவ் பழத்தோட்டங்கள் என்று விடுமுறையெல்லாம் சேற்றோடு வருவான். சலவை இயந்திரத்தைக் கெடுப்பதற்கென்றே பிறந்த பிள்ளை என்று திட்டுவேன். ஓராண்டுக்கு முன்பு மருத்துவர் என் இரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்டது என்று எச்சரித்த பிறகு, அவனுடைய பழைய வண்டியை எனக்கென்று ஒதுக்கினான். சாதாரண மிதிவண்டிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஏறிய பிறகுதான் விளங்கியது. அகன்ற டயர், அதில் முரட்டுப் பற்கள், முன் சக்கரத்தின் மேல் அதிர்ச்சி தாங்கும் சுருள், கைப்பிடியில் கியர். மேடு வந்த பின் கியரை மாற்றினால் சங்கிலி முரண்டு பிடிக்கும். மேடு வருவதற்கு முன்பே மாற்ற வேண்டும். இறக்கத்தில் இருக்கையில் அழுந்த உட்காரக்கூடாது; மிதிகட்டையில் எழுந்து நின்று உடலைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். சேற்றுப் பாதை என்றால் டயரில் காற்றைச் சற்றுக் குறைக்க வேண்டும். பிள்ளைகளுக்கு நான் பாடம் சொல்கிறேன். எனக்கு என் பிள்ளை பாடம் சொன்னான். அவன் என்னை விடப் பொறுமையான ஆசிரியன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

"மிதிவண்டியிலேயே கடாரத்துக்குப் போவோமா?" என்று நான் கேட்டபோது அவன் சிரித்தான். பிறகு கைப்பேசியில் நிலப்படத்தைத் திறந்தான். செப்டம்பர் விடுமுறையின் முதல் சனிக்கிழமை புறப்படுவது, அன்றிரவு சுங்கை பட்டாணியில் என் தம்பி வீட்டில் தங்குவது, மறுநாள் மெர்போக், மாலையில் தம்பியின் வேனில் வண்டிகளை ஏற்றித் திரும்புவது என்று திட்டமாயிற்று.

விடியற்காலை ஆறரை மணிக்குக் கார்ன்வாலிஸ் கோட்டை வாயிலில் நின்றோம். அங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது என் பிடிவாதம். 1786இல் பிரான்சிஸ் லைட் இத்தீவில் இறங்கிய இடம் அது. முதலில் நிபோங் பனைமரத் தண்டுகளை நட்டு வேலி போல எழுப்பிய கோட்டை, பின்னர்ச் செங்கல்லாலும் கல்லாலும் கட்டப்பட்டது. அந்த வேலையைச் செய்தவர்களுள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள் இருந்தார்கள். நட்சத்திர வடிவம், சுற்றிலும் பீரங்கிகள். ஆனால், ஒரு போரையும் அது கண்டதில்லை. பீரங்கிகளுள் பெயர் பெற்றது 'ஸ்ரீ ரம்பை'. ஒல்லாந்தர் வார்த்தது, 1603 என்ற ஆண்டு அதில் உண்டு. ஜோகூர், அச்சே, சிலாங்கூர் என்று கைமாறிக் கைமாறி இங்கு வந்து சேர்ந்தது. பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் அதன் வாயில் பூ வைப்பார்களாம். கொல்லச் செய்த கருவியிடம் பிள்ளை கேட்கும் மனத்தை என்னவென்று சொல்வது!

அந்தக் கோட்டை நிற்கும் தீவை லைட் கெடா சுல்தானிடமிருந்துதான் பெற்றான். எதிர்க்கரை நிலப்பகுதியும் 1800இல் கெடாவிடமிருந்தே வெள்ளையர் கைக்குப் போயிற்று. ஆக, பினாங்கே கடாரத்திலிருந்து வெட்டி எடுத்த துண்டுதான். "அப்படியென்றால் நாம் ஏற்கெனவே கடாரத்தில்தான் நிற்கிறோம், வீட்டுக்குப் போகலாமா அம்மா?" என்றான் மகன். குறும்பு யாரிடமிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை.

பழைய பெரிய ஃபெரிகள் 2020ஆம் ஆண்டு முடிவோடு ஓய்வு பெற்றுவிட்டன. மகிழுந்துகளை அடுக்கிக்கொண்டு ஆடி அசைந்து போகும் அந்த மஞ்சள் கப்பல்களில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ தைப்பூசங்களுக்கு வந்திருக்கிறேன். 2023இல் வந்த புதிய ஃபெரிகளில் மகிழுந்துக்கு இடமில்லை. மனிதர்க்கும் மோட்டார் சைக்கிளுக்கும் மிதிவண்டிக்கும் மட்டுமே. நமக்கு அது போதும். கால் மணி நேரத்தில் பட்டர்வொர்த்.

அதன்பின் கெப்பாளா பத்தாஸ் வரையிலான சாலையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. லாரிகள், புழுதி, வெயில். அங்கே ஓர் ஒட்டுக்கடையில் பசியாறினோம். எனக்குச் சர்க்கரை இல்லாத தே தாரே. மகனுக்கு ரொட்டி சானாய் மூன்று. அதைத் தாண்டியதும் வயல்கள் விரிந்தன. சாலையை விட்டு வாய்க்கால் கரை மண்பாதையில் இறங்கினோம். சாலையில் கனமாகத் தோன்றிய அகன்ற டயர் அங்கேதான் பொருளுள்ளதாயிற்று. வயலோரத்தில் சன்னலில்லாத உயரமான கட்டடங்கள். உள்ளிருந்து ஒலிப்பெருக்கியில் பறவைக் கீச்சொலி. உழவாரன் குருவிகளைக் கூடு கட்ட அழைக்கும் பதிவு. ஆள் இல்லாத வீட்டிலிருந்து கூப்பிடும் குரல்.

பூம்போங் லீமாவைக் கடந்து மெர்டேக்கா பாலத்தின் நடுவில் நிறுத்தினோம். கீழே மூடா ஆறு. பினாங்குக்கும் கெடாவுக்கும் எல்லை. மழைக்காலத் தொடக்கம், ஆறு தேநீர் நிறத்தில் அகன்று கிடந்தது. இது கடலில் கலக்கும் கோத்தா கோலா மூடாவைத்தான் 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கியது. அதற்கு அருகிலுள்ள சுங்கை மாஸ் என்னும் கம்பத்தில்தான் பழங்கால மணிகளும் கண்ணாடித் துண்டுகளும் பானை ஓடுகளும் ஏராளமாகக் கிடைத்தன. ஓர் ஆற்று வாய். நன்மையும் தீமையும் கடல்வழியாகவே அங்கு வந்திருக்கின்றன.

பாலத்திலிருந்து வடக்கே பார்த்தால் ஜெராய் மலை தெரிந்தது. 1217 மீட்டர் உயரம். இமயத்தைப் பற்றிப் படித்தவர்களுக்கு இது குன்றுதான். ஆனால், கடலோரச் சமவெளியில் தனியாக எழுந்து நிற்பதால் கடலில் வெகுதொலைவிலிருந்தே தென்படும். நாகையிலிருந்தும் மற்றத் துறைகளிலிருந்தும் பருவக்காற்றில் பாய் விரித்து வந்தவர்களுக்கு இதுவே அடையாளம். வந்தவர்கள் காற்று திசை மாறும் வரை திரும்பிப் போக முடியாது. மாதக்கணக்கில் தங்க வேண்டும். தங்கியவர்கள் சும்மா இருப்பார்களா? கோயில் கட்டினார்கள். நம்மவர் குணம் அன்றும் அதுதான்.

அன்று மாலை தம்பி வீட்டில் கால்களுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே படுத்தேன். தம்பிக்கு ஞாயிறு வேலைநாள். கெடாவில் வெள்ளியும் சனியும் அல்லவா வார விடுமுறை. "அக்கா, உனக்கு இந்த வயதில் இது தேவையா?" என்று கேட்டுவிட்டு அவனே வண்டிச் சங்கிலிக்கு எண்ணெய் போட்டு வைத்தான்.

மறுநாள் பீடோங், செமலிங் வழியாக மெர்போக் நோக்கிச் சென்றோம். வழியில் சுங்கை பத்து. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் 2009 முதல் அகழ்ந்து, இரும்பு உருக்கிய உலைகளின் சான்றுகளை வெளிக்கொணர்ந்த இடம். அதன் தொன்மை எவ்வளவு என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. கூட்டிச் சொல்பவர்களும் உண்டு, குறைத்துச் சொல்பவர்களும் உண்டு. எனக்கு அந்த வாதத்தில் நுழையத் தகுதியில்லை. ஆனால், இந்த ஊரில் இரும்பு உருக்கி ஏற்றுமதி செய்தார்கள் என்பதை நான் ஒருநாளும் வகுப்பில் சொன்னதில்லை. படையெடுத்து வந்தவனைப் பற்றியே சொல்லியிருக்கிறேன். வந்தவன் எதற்காக வந்தான், இங்கே என்ன இருந்தது என்று சொன்னதில்லை.

இன்னொன்றும் அந்தச் சாலையில் மிதிக்கும்போது தோன்றியது. கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரையே இராசராசன் கொடையாகக் கொடுத்தான். லெய்டன் செப்பேடுகள் என்று நாம் அறிபவை அதைச் சொல்கின்றன. அது 1006ஆம் ஆண்டளவில். இருபது ஆண்டுகூட ஆகவில்லை. மகன் படையோடு வந்தான். சீனத்து வாணிக வழிக்காக என்று பல வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். நண்பன் வீட்டை அடித்த கதையை நான் கைவீசிப் பெருமையோடு சொல்கிறேன். வென்றவன் பேசிய மொழி என் மொழி. வெல்லப்பட்ட ஊர் என் ஊர். எந்தப் பக்கம் நின்று பாடம் நடத்துவது?

பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் அரும்பொருளகம் 1980இல் திறக்கப்பட்டது. ஜெராய் மலையடிவாரக் காட்டுக்குள் அமைந்திருக்கிறது. வண்டிகளைப் பூட்டிவிட்டு முதலில் மேலேயுள்ள சண்டி புக்கிட் பத்து பாஹாட்டுக்கு நடந்தோம். சண்டி என்றால் இங்கே கோயில். பத்து பாஹாட் என்றால் செதுக்கிய கல். பக்கத்தில் ஓடை சலசலக்கிறது. 1930களில் குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆங்கிலேயரும் அவருடைய மனைவி டோரத்தியும் இதை அகழ்ந்தனர். 1959-60இல் அலஸ்டர் லாம்ப் என்பவர் சிதறிக் கிடந்த கற்களை மீண்டும் அடுக்கி நிறுத்தினார். சிவன் கோயில் என்பது அறிஞர் கருத்து. விமானத்தின் அடித்தளமும் அதன் முன்னே மண்டபத்தின் அடித்தளமும் மட்டுமே இன்று உள்ளன. மரத் தூண்களும் கூரையும் என்றோ மண்ணாகிவிட்டன.

மகன் சுற்றிவந்து படம் எடுத்துக்கொண்டிருந்தான். நான் மண்டபத்தின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்தேன். கண் முன்னே ஒரு கல். மரத் தூண் நிற்பதற்காக நடுவில் குழி தோண்டிய அடிக்கல். நேற்றைய மழைநீர் அந்தக் குழியில் தேங்கி, அதில் மேலேயுள்ள மரக்கிளை தெரிந்தது.

அந்தக் கல்லை எனக்குத் தெரியும்.

அந்தக் கல்லையே அன்று. அதைப் போன்ற ஒன்றை. எங்கள் தோட்டத்து முனியாண்டி கோயிலின் படியில் அப்படியொரு கல் இருந்தது. பிள்ளைகள் அதைக் 'குழிக்கல்' என்போம். மழை பெய்தால் நீர் நிற்கும். யார் முகம் முதலில் தெரிகிறது என்று முட்டி மோதிக்கொள்வோம். வெயில் நாளில் அம்மா அதில் விளக்கெண்ணெய்ப் புட்டியைச் சாயாமல் நிறுத்தி வைப்பார். அதைச் சுற்றிலும் செம்புரைக்கல் துண்டுகள், செங்கற்கள். பழைய பால்மரங்களைச் சாய்த்து மறுநடவு செய்தபோது இயந்திரம் புரட்டிப்போட்ட கற்கள் அவை. அப்பாவும் மற்றவர்களும் 'சாமிக்கல் போலிருக்கிறது' என்று மிதிவண்டியில் வைத்து உருட்டிக்கொண்டு வந்து படியாகப் போட்டார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அப்பா பால்மரம் வெட்டுபவர். விடியற்காலைப் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, பழைய ராலி மிதிவண்டியில் இரண்டு பக்கமும் பால் வாளியைத் தொங்கவிட்டு மலைக்காட்டுக்குப் போவார். கியரும் கிடையாது, சுருளும் கிடையாது. அந்த வண்டியின் பின்னால் உட்கார்ந்துதான் நான் தமிழ்ப்பள்ளிக்குப் போனேன். கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்தபோது தோட்டத்திலேயே முதல் ஆசிரியை என்று லயம் முழுவதும் சொல்லிக்கொண்டு திரிந்தார். கல்லூரிச் சுற்றுலாவுக்குப் பூஜாங் போகப் போகிறோம் என்று சொன்ன அன்று அவர் என்னிடம் ஒன்று கேட்டார்.

"அம்மாடி, நம்ம கோயில் படியில ஒரு கல்லு கெடக்கே, அதப் பத்தி ஒங்க வாத்தியார்மாருங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுப் பாரேன். சும்மா கெடக்குற கல்லு மாதிரித் தெரியல."

சரி என்றேன். கேட்கவில்லை. மறந்து போனேன் என்று நெடுங்காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை. விரிவுரையாளர் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தபோது கை உயர்த்த நினைத்தேன். நகரத்துப் பிள்ளைகள் நடுவில், "எங்கள் தோட்டத்தில் என் அப்பா ஒரு கல் கண்டெடுத்தார்" என்று சொல்ல வெட்கமாக இருந்தது. தோட்டம் என்ற சொல்லையே அப்போது நான் தவிர்த்து வந்தேன். ஊர் எது என்று கேட்டால் சுங்கை பட்டாணி என்பேன். வீட்டுக்குப் போனதும் அப்பா கேட்டார். "அதெல்லாம் சாதாரணக் கல்தான்பா" என்றேன். "அப்படியா" என்றார். அதன்பின் அவர் கேட்டதில்லை. 2011இல் காலமானார்.

2013 டிசம்பரில் இந்தப் பள்ளத்தாக்கில் இருந்த 11ஆம் எண் சண்டி நில மேம்பாட்டு வேலையில் இடித்துத் தள்ளப்பட்டது தெரியவந்து நாடே கொதித்தது நினைவிருக்கும். நானும் கொதித்தேன். பள்ளிச் சபைகூடலில் பத்து நிமிடம் பேசினேன். வரலாற்றின் அருமை தெரியாதவர்கள் என்று சாடினேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். அன்றைக்கும் அந்தக் குழிக்கல் என் நினைவுக்கு வரவில்லை.

"அம்மா, என்ன ஆச்சு? கால் பிடித்துக்கொண்டதா?" என்று மகன் ஓடிவந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். அவன் ஒன்றும் பேசாமல் கேட்டான். பிறகு, "தோட்டம் இங்கிருந்து எவ்வளவு தூரம்?" என்றான்.

அரும்பொருளகத்துக்குள் மற்றவற்றை அரைகுறையாகத்தான் பார்த்தேன். திருமஞ்சன நீர் வழிந்தோடும் சோமசூத்திரக் கல், ஆவுடையார்ப் பீடம், மணிகள், சீனத்து மண்பாண்ட ஓடுகள். வெளியே வேறிடங்களிலிருந்து பெயர்த்து வந்து அடுக்கிய செம்புரைக்கல் அடித்தளங்கள். பெண்டாங் டாலாம், பெங்காலான் பூஜாங் என்று பெயர்ப்பலகைகள். ஊரிலிருந்து பெயர்த்த கோயில், ஊர்ப்பெயரை மட்டும் பலகையில் தாங்கி நிற்கிறது. பாதுகாப்பு என்று பார்த்தால் சரிதான்.

தோட்டத்துக்கான பாதையை நான் நினைவிலிருந்து சொன்னேன். மகன் கைப்பேசியில் சரிபார்த்தான். இரண்டும் ஒத்துப்போகவில்லை. பால்மரங்கள் ஒன்றுமில்லை, எங்கும் செம்பனை. லயங்கள் இருந்த மேட்டிலும் செம்பனை. வெட்டிப்போட்ட மட்டைகள் பாதையோரம் குவிந்திருந்தன. செம்பனை மட்டையின் முள் எவ்வளவு கூரியது என்று நான் அறிவேன், எச்சரித்தேன். எச்சரித்த ஐந்தாவது நிமிடம் என் முன்சக்கரமே 'புஸ்' என்றது. சேற்றில் உட்கார்ந்து டியூபை வெளியே எடுத்து, ஓட்டையைக் கண்டுபிடித்து ஒட்டினோம். கொசு பிடுங்கியது. அப்பா இதே மண்ணில் குந்தி உட்கார்ந்து, வாளித் தண்ணீரில் டியூபை அழுத்திக் குமிழி எங்கே வருகிறது என்று எனக்குக் காட்டியது நினைவுக்கு வந்தது. மகனிடம் தண்ணீர்ப் புட்டி மட்டுமே இருந்தது. அவன் காதருகே வைத்துக் காற்றுச் சத்தத்தைக் கேட்டுக் கண்டுபிடித்தான்.

ஓடை ஒன்றை வண்டியைத் தோளில் தூக்கிக் கடந்தோம். அப்பால் ஓர் அரசமரம். அது மட்டும் என் நினைவும் கைப்பேசியும் ஒத்துக்கொண்ட இடம். அரசமரத்தடியில் முனியாண்டி கோயில் அப்படியே... இல்லை, அப்படியே இல்லை. தகரக் கூரைக்குப் பதில் காரைக் கூரை. சுற்றிலும் வண்ணம் பூசிய சுவர். துருப்பிடிக்காத கம்பிக் கதவு. படி?

படியில் ஓடு பதித்திருந்தார்கள். பளபளக்கும் பழுப்பு நிற ஓடு. ஒரு கல்லும் கண்ணில் படவில்லை.

கோயிலைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் வந்தார். எண்பது வயதிருக்கும். பீடோங்கில் மகன் வீட்டில் இருக்கிறாராம். ஞாயிறுதோறும் மோட்டார் சைக்கிளில் வந்து விளக்கேற்றுகிறார். என்னைக் கூர்ந்து பார்த்தார்.

"ஆறாம் நம்பர் வீட்டுப் பிள்ளயா? டீச்சர் வேலைக்குப் போச்சே, அந்தப் பிள்ளயா?"

"ஆமாங்க மாமா."

அப்பாவைப் பற்றிப் பேசினார். மிதிவண்டியைப் பற்றிப் பேசினார். நான் படியைக் காட்டிக் கேட்டேன்.

"பழைய கல்லா? அதெல்லாம் தூக்கிப் போடலம்மா. கீழதான் இருக்கு. மழையில பாசி புடிச்சு வழுக்குதுன்னு மேல சிமெண்டக் கொட்டி டைல்ஸ் போட்டோம். ஒங்கப்பா அப்ப இருந்தாரு. வேணான்னு சொல்லிப் பாத்தாரு. டீச்சர் மகளே சாதாரணக் கல்லுன்னு சொல்லிடுச்சேன்னு நாங்கதான் போட்டோம்."

அவர் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார்.

மகன் படியருகே மண்டியிட்டு விரல் முட்டியால் ஓடுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தான். எல்லாம் 'டக் டக்' என்றன. நடுவில் ஓர் ஓடு மட்டும் 'டொம்' என்றது. மறுபடி தட்டினான். 'டொம்'. கீழே வெற்றிடம். அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். நான் அவ்விடத்தில் உள்ளங்கையை வைத்தேன். ஓடு குளிர்ச்சியாக இருந்தது.

"ஒடச்சுப் பாக்கணுமா?" என்று பெரியவர் கேட்டார். கேட்ட குரலில் விருப்பமில்லை, மரியாதை இருந்தது. வேண்டாம் என்றேன். அது சண்டியின் கல்தானா, வெறும் கல்தானா என்று உடைத்தாலும் எனக்குத் தெரியப் போவதில்லை. தெரிந்தவர்கள் வந்து பார்க்க வேண்டும். இதுவரை அதிகாரிகள் யாராவது வந்தார்களா என்று கேட்டேன். யார் சொன்னால்தானே வருவார்கள் என்றார். நான் எழுதிக் கேட்கட்டுமா என்றேன். வெகுநேரம் யோசித்தார்.

"எழுதுறதுன்னா எழுதும்மா. ஆனா, சாமிய நகத்தச் சொல்லிடாதே."

மாலையில் தம்பி வேனோடு வந்து எங்களை ஏற்றிக்கொண்டான். மகன் முன்னிருக்கையிலேயே உறங்கிவிட்டான். அன்றிரவே கடிதத்தை மலாயில் எழுதத் தொடங்கினேன். தோட்டத்தின் பெயர், கோயில் இருக்குமிடம், கற்கள் மறுநடவில் கிடைத்த விதம், கண்டெடுத்தவர்களுள் ஒருவராக என் அப்பாவின் முழுப் பெயர். நான்கு முறை அடித்து எழுதினேன். பெரியவர் சொன்ன சொல்லைக் கடைசியில் தனிப் பத்தியாகச் சேர்த்தேன். அரும்பொருளகத்துக்கு வரும் கற்களின் பாதுகாப்பை நான் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். படியில் கால் வைக்குமுன் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பெரியவரையும் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். அக்கடிதத்தை அஞ்சலில் சேர்ப்பதற்குள் மூன்று நாள்கள் ஆயின.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் கரும்பலகை நிறைய நிலப்படம் வரைந்தேன். ஜெராய் மலை, மூடா ஆறு, மெர்போக், சுங்கை பத்து உலைகள், சுங்கை மாஸ் மணிகள். கப்பல்களைக் கடைசியில்தான் வரைந்தேன். எங்கள் தோட்டத்தையும் ஒரு புள்ளியாக வைத்து, நான் பிறந்த இடம் என்று சொன்னேன். குழிக்கல்லின் கதையையும் சொன்னேன். நான் அப்பாவிடம் சொன்ன பொய் உட்பட.

கடைசி வரிசையில் கை உயர்ந்தது.

"டீச்சர், அந்த ஓட்டை உடைக்கும்போது எங்களையும் கூட்டிக்கொண்டு போவீர்களா?"

"மிதிவண்டி ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டேன். தெரியாதாம். இப்போது சனிக்கிழமை காலைகளில் பள்ளித் திடலில் பழகுகிறான். பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவது என் மகன்.